நகையும் உவகையும்: மழலை வாழும் இல்லம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

பத்து வயது நிரம்பிய பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது போன்றது இவ்விழா. இத்தகைய நாளில் வீடுகளில் என்ன நடக்கும்? பெரியவர்கள் கூடி அமர்ந்து, அப்பிள்ளை தவழ்ந்த காலத்தில் செய்த குறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளையோ கதவுக்குப் பின்னால் நின்று, வெட்கமும் மகிழ்வும் கலந்து கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பே இன்றைய உரையின் பொருள். சின்னஞ்சிறு பிள்ளைகள் வாழும் வீட்டில் நாள்தோறும் எழுகின்ற நகையையும், அதனோடு வரும் சிறு மகிழ்ச்சிகளையும் தமிழ் எவ்வாறு பதிவுசெய்தது, எவற்றைப் பதிவுசெய்யாது விட்டது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது இவ்வவைக்குப் பொருந்தும்.

காதலும் வீரமும் பாடுபொருளாகலாம். அடுப்படியில் பிள்ளை கொட்டிய மாவு பாடுபொருளாகுமா என்று கேட்போர் உண்டு. ஆகும் என்பதே தமிழ் மரபு தரும் விடை.

தொல்காப்பியர் வகுத்த நகை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது நகை, இறுதியானது உவகை. நகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உவகைக்குரியனவும் நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. இளமை என்பதற்குப் பிள்ளைத்தன்மை என்று பொருள் காண்பது உரைமரபு.

இங்கே நின்று நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எள்ளலால் பிறக்கும் நகை வேறு, பிள்ளைத்தன்மையால் பிறக்கும் நகை வேறு என்று தொல்காப்பியர் பிரித்து வைத்துள்ளார். முன்னது பிறரைத் தாழ்த்துவது. பின்னதில் தாழ்வும் இல்லை, உயர்வும் இல்லை. கண்ணாமூச்சி ஆடும் மூன்று வயதுப் பிள்ளை கூடத்தின் நடுவிலேயே நின்று தன் கண்களைப் பொத்திக்கொள்கிறது. தனக்குப் பிறர் தெரியவில்லையாதலின், பிறருக்கும் தான் தெரியவில்லை என்பது அதன் துணிபு. தேடுகின்ற பாட்டி கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னும் பார்த்து, ‘பிள்ளையைக் காணோமே’ என்று அலுத்துக்கொள்கிறாள். அங்கே எழுகின்ற சிரிப்பில் எள்ளல் சிறிதும் இல்லை. பிள்ளையின் உலகத்துக்குள் பாட்டியும் புகுந்துவிட்டாள், அவ்வளவே.

எட்டு மெய்ப்பாடுகளையும் ஒருங்கே காண விரும்புவோர் நாடக அரங்கிற்குச் செல்லவேண்டியதில்லை. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டின் காலைப்பொழுது போதும். ஒரு காலில் மட்டும் காலுறை அணிந்து மற்றொன்றைத் தேடும் பிள்ளையைக் கண்டால் நகை. எண்ணெய் கண்ணில் பட்டால் அழுகை. தட்டில் கிடக்கும் உப்புமாவைப் பார்த்தவுடன் இளிவரல். சன்னலில் அணில் வந்தால் மருட்கை. வாசலில் ஆட்டோவின் ஒலி கேட்டால் தாய்க்கு அச்சம். பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட பிள்ளைக்குப் பெருமிதம். அது தவறான துளையில் போடப்பட்டதைக் காணும் தந்தைக்கு வெகுளி. எல்லாம் முடிந்து, ஆட்டோவிலிருந்து ஒரு சிறு கை அசையும்போது உவகை. தொல்காப்பியர் நகையில் தொடங்கி உவகையில் முடித்த வரிசை, பிள்ளை உள்ள வீட்டில் பிறழாமல் நடந்தேறுகிறது.

சங்கச் சான்றோர் கண்ட சிறுவர்

புறநானூற்றின் 188ஆம் பாடல் பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டில் குறுகுறுவென நடந்து வந்து, சிறு கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தரையில் இட்டும், தொட்டும், வாயில் கவ்வியும், துழாவியும், உடம்பெல்லாம் பூசிக்கொண்டும் நிற்கும் பிள்ளையை அவன் காட்டுகிறான். அரசன் ஒருவன் பாடியது இது என்பதை மறத்தல் ஆகாது. போர்க்களமும் அரசவையும் அறிந்த கண், சோற்றுத் தட்டின் அருகே குனிந்து நின்று ஒரு பிள்ளையின் கை செய்யும் வேலைகளை ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறது. வினைச்சொற்களை அடுக்கிச் செல்லும் அந்த வரிசையே பிள்ளையின் வேகம். கவிஞர்கள் கற்கத்தக்க பாடம் இதில் உண்டு: பிள்ளையைப் பாட அடைமொழி பயன்படாது, வினைச்சொல்லே பயன்படும். ‘அழகிய குழந்தை’ என்றால் எந்தக் குழந்தையும் கண்முன் வாராது. சோற்றை உடம்பில் பூசிய குழந்தை உடனே வந்துவிடும்.

ஔவையார் அதியமானைப் பாடிய புறம் 92ஆம் பாடல் மற்றொரு கோணம். பிள்ளையின் மழலை யாழிசைக்கு ஒவ்வாது; தாளத்தோடு பொருந்தாது; பொருளும் விளங்காது; ஆயினும் தந்தைக்கு அருள் சுரக்கச் செய்யும். தம்முடைய சொற்களும் அதியமானுக்கு அத்தகையன என்கிறார் ஔவையார். திருவள்ளுவரோ மக்கட்பேறு என்னும் ஏழாம் அதிகாரத்தில், குழலும் யாழும் இனியவை என்போர் தம் மக்களின் மழலையைக் கேட்டறியாதவர் என்று கூறுகிறார். இருவர்க்கும் இடையே அழகியதொரு மாறுபாடு இருக்கிறது. வள்ளுவர் மழலையை யாழுக்கு மேலே ஏற்றி வைக்கிறார். ஔவையார், யாழுக்கு அது ஈடாகாது என்பதை ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, ஈடாகாததையும் ஒருவர் விரும்பிக் கேட்கிறாரே, அதுதான் அன்பு என்கிறார். இல்லத்தின் உண்மை நிலைக்கு மிக நெருங்கியது ஔவையாரின் கூற்று. ஒரே வினாவை இருபதாம் முறை கேட்கும் பிள்ளையின் குரல் யாழைவிட இனிது என்று எந்தத் தாயும் ஆணையிட்டுக் கூறமாட்டாள். ஆயினும் இருபதாம் முறையும் விடை சொல்வாள்.

நற்றிணையின் 110ஆம் பாடலில் போதனார் காட்டும் காட்சி இன்றைய அடுக்ககத்திலும் நடப்பது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, மறு கையில் சிறு கோலும் கொண்டு, ‘குடி’ என்று செவிலியர் துரத்துகின்றனர். சிலம்பு ஒலிக்கச் சிறுமி பந்தலுக்கு ஓடிவிடுகிறாள். நரைமுடிச் செவிலியர் மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றனர். இதுவரை நகை. அந்தச் சிறுமியே பின்பு மணமாகிக் கணவன் வீட்டில் வறுமை வந்துற்றபோது, தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். இத்துணை அறிவை எங்கே கற்றாள் என்று வியந்து பேசுகிறது பாட்டு. துரத்திச் சென்று ஊட்டிய கைக்குத்தான் அந்தச் செய்தி எவ்வளவு கனமானது என்பது தெரியும். பாலை மறுத்து ஓடிய காலடியின் சிரிப்பு முன்னே நிற்பதால்தான் பின்னே வரும் பசி நெஞ்சை அறுக்கிறது.

அகநானூற்றின் 16ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. தெருவில் தனியே நிற்கும் சிறுவனைப் பரத்தை ஒருத்தி காண்கிறாள். அவன் தந்தையின் சாயல் அவனிடத்தில் தெரிகிறது. எவரும் இல்லை என்று எண்ணி வாரி அணைத்துக்கொள்கிறாள். அவ்வேளையில் தலைவி வந்துவிடுகிறாள். சினந்தாளா? இல்லை. ‘கலங்காதே, நீயும் இவனுக்குத் தாயே’ என்று அவளைத் தழுவிக்கொள்கிறாள். களவு கையும் மெய்யுமாய்ப் பிடிபட்டவரைப் போல, அப்பெண் கால்விரலால் நிலத்தைக் கீறி நாணி நிற்கிறாள். இதனைத் தலைவி, பரத்தையை அறியேன் என்று சாதிக்கும் கணவனிடமே எடுத்துச் சொல்கிறாள்! பிள்ளையை நடுவில் நிறுத்தி, வசையின்றி, உரத்த குரலின்றி, கணவனின் பொய்யை இல்லாள் கலைத்துவிட்ட விதம் நகையின் ஆற்றலைக் காட்டும்.

ஆயர்பாடியின் அக்கம்பக்கம்

பெரியாழ்வார் தம்மை யசோதையாக்கிக்கொண்டு பாடிய பாசுரங்களில் அக்கால வீட்டின் அன்றாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தாலாட்டு, தளர்நடை, காது குத்தல், நீராட்டல், பூச்சூட்டல் என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் போராட்டம். ஓடிவந்து முதுகில் சாய்ந்து தழுவிக்கொள்ளும் விளையாட்டைப் புறம்புல்குதல் என்று ஒரு பதிகமாகவே பாடியிருக்கிறார். இன்று உப்பு மூட்டை தூக்கும் வீடுகள் அதனை அறியும். அச்சுறுத்தி விளையாடும் அப்பூச்சி இன்றைய பூச்சாண்டிக்கு உறவு.

நீராட்டும் பதிகத்தைக் காண்க. முதலில் கையூட்டு: பாலும் வெல்லமும் கலந்து அப்பம் சுட்டு வைத்திருப்பதாகத் தாய் ஆசை காட்டுகிறாள். பின்னர் மிரட்டல்: இந்தக் கோலத்தில் நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்கிறாள். இரண்டுக்கும் இடையே தன் உள்ளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறாள்: மாட்டுத்தொழுவில் புகுந்து புழுதி அளைந்த மேனியைக் காண அவளுக்கு மிகவும் விருப்பந்தான், ஆனால் காண்பவர் பழிப்பார்களே! பிள்ளையைக் குளிப்பாட்டும் தாயின் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்பதை இதைவிட உண்மையாகச் சொல்லிவிட முடியாது. புழுதிப் பிள்ளை தாய்க்கு உரியவன். குளித்த பிள்ளை ஊருக்கு உரியவன்.

அயலகத்துப் பெண்கள் யசோதையிடம் வந்து முறையிடும் பதிகத்தில், வெண்ணெயை விழுங்கியது மட்டும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. வெறுங்கலத்தைக் கல்லின் மேல் எறிந்து, அது உடையும் ஓசையைக் கேட்டு அவன் மகிழ்ந்து நின்றான் என்பது குற்றச்சாட்டு. பசிக்காக உண்டான், சரி. கலத்தை எதற்காக உடைத்தான்? ஓசைக்காக! எவர்சில்வர் டம்ளரை மீண்டும் மீண்டும் தரையில் போட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக வியந்து நிற்கும் ஒரு வயதுப் பிள்ளையை வைத்திருப்பவர்கள் இதற்குத் தனியே உரை தேடவேண்டியதில்லை. உவகைக்கு விளையாட்டு ஒரு நிலைக்களன் என்று தொல்காப்பியர் சொன்னதற்கு இதுவே சான்று.

பாரதியார் இம்மரபைக் ‘கண்ணன் பாட்டில்’ புதுப்பித்தார். கண்ணன் விளையாட்டுப் பிள்ளையாக வரும் பாடலில், தின்னப் பழம் கொடுத்துவிட்டுப் பாதியிலே பறித்துக்கொள்ளும் பிள்ளை வருகிறான். கடவுளைத் தெருவுக்கு இழுத்துவந்து, பெண்களின் வாயால் அவன்மேல் புகார் சொல்ல வைத்தது தமிழின் துணிவு.

அம்புலியும் அடுக்களையும்

பெரியாழ்வாரின் வழியே வளர்ந்தது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என ஏழு பருவங்கள் இருபாலர்க்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆண்பாற்கு உரியன. கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன பெண்பாற்கு உரியன. பாட்டுடைத் தலைவர் அரசரோ தெய்வமோ ஆகலாம். பருவங்கள் மட்டும் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் உரியவை. தலை நிமிர்த்தி ஆடுவதும், கை கொட்டுவதும், ‘வா’ என்றால் தளர்நடையிட்டு வருவதும் ஏழை வீட்டில் வேறு, அரண்மனையில் வேறு அல்ல.

இவற்றுள் அம்புலிப் பருவம் பாடுதற்கு அரியது எனப் புலவர் கூறுவர். நிலவைப் பிள்ளையோடு விளையாட அழைக்கும்போது சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாளவேண்டும். நீயும் இப்பிள்ளையும் ஒப்பு என்பது சாமம். உன்னிடம் களங்கம் உண்டு, இப்பிள்ளையிடம் இல்லை என்பது பேதம். வந்தால் இன்னது கிடைக்கும் என்பது தானம். வாராவிடின் துன்புறுவாய் என்பது தண்டம். அரசியல் நூல்கள் பகை மன்னரை வெல்ல வகுத்த நான்கையும் புலவர்கள் நிலவுக்குப் பயன்படுத்தினர்.

ஆனால் இந்த நான்கையும் புலவர்க்குக் கற்பித்தவள் சோறூட்டும் தாயாகவே இருத்தல் வேண்டும். ‘என் கண்ணல்லவா, ஒரு வாய்’ என்பது சாமம். ‘நீ வேண்டாமென்றால் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன்’ என்பது பேதம். ‘சாப்பிட்டால் முறுக்கு’ என்பது தானம். ‘பூச்சாண்டி வருகிறான்’ என்பது தண்டம். ஒரு கிண்ணம் பருப்புச் சோறு தீர்வதற்குள் அர்த்தசாத்திரம் முழுவதும் இடுப்பிலேயே நடந்தேறிவிடுகிறது. இறுதியில் வெல்பவர் எவர் என்பதை அவையோர் அறிவர். வாயில் வாங்கிய சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, முறுக்கையும் பெற்றுக்கொண்டு, தூங்கிப்போகும் பிள்ளையை எந்த உபாயமும் வென்றதில்லை.

இன்று பல வீடுகளில் அம்புலியின் இடத்தைக் கைப்பேசியின் திரை பிடித்துக்கொண்டது. அது வந்துவிட்டதே என்று புலம்புவதால் பயனில்லை; இரண்டு வேலைகளையும் சுமக்கும் தாய்க்கு அது சிறிது மூச்சுவிடும் நேரம் தருகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் தகும். நிலவு எத்தனை அழைத்தாலும் வாராது. வாராத அதற்காகத் தாய் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். திரை அழைத்தவுடன் வந்துவிடுகிறது, தாய் பேசவேண்டியதில்லை. நிலவின் பிடிவாதத்தால் பிள்ளைக்குக் கிடைத்தது தமிழ்.

தாலாட்டில் ஒலிக்கும் தாய்

இங்கே ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். அறிவுடை நம்பி அரசன். பெரியாழ்வார் திருமாலை கட்டித் தொண்டு செய்தவர். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் துறவி. பிள்ளைகளைப் பற்றிய புகழ்மிக்க பாடல்களுள் பெரும்பாலானவை ஆடவர் பாடியவை. நாள் முழுவதும் பிள்ளையோடு உழன்ற தாய் என்ன பாடினாள்?

அவள் பாடியது ஏட்டில் ஏறவில்லை, தூளியில் ஆடியது. நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளில் அவற்றுள் ஒரு பகுதியேனும் கிடைக்கிறது. பிள்ளை ஏன் அழுகிறது, யார் அடித்தார் என்று கேட்டு, மாமன் முதல் அத்தை வரை உறவினர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, அவர்கள் பூச்செண்டால் அடித்திருப்பார்களோ என ஐயுறுவது தாலாட்டின் வழக்கம். தன் உடன்பிறந்தானின் சீர்வரிசையை நீட்டி முழக்குவாள். கணவன் வீட்டாரைப் பற்றி அளவோடு சொல்வாள். அருகில் அமர்ந்திருக்கும் மாமியாருக்குக் கேட்கவேண்டியது கேட்டுவிடும். கேட்டதாக அவர் காட்டிக்கொள்ளவும் இயலாது. பாட்டு பிள்ளைக்குத்தானே! நேரில் பேசமுடியாத ஒரு பெண், பிள்ளையைத் தூங்கவைக்கும் சாக்கில் பேசிக்கொண்டாள். அகநானூற்றுத் தலைவியின் உத்தி தூளியருகே தொடர்ந்தது.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறவின் பெயரிட்டுப் பங்கு வைத்து, இறுதியில் நண்டும் நரியும் கைவழியே ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டும் அவளுடைய படைப்பே. உறவுமுறையும், பகிர்ந்துண்ணலும், நகையும் ஒரே கையில் கற்பிக்கப்பட்டன. இதற்கு ஆசிரியர் பெயர் இல்லை.

நகை எள்ளலாகும் இடம்

பிள்ளைக் குறும்பு எப்போதும் இன்பமே தரும் என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட இயலாது. கம்பர் அதனைத் தடுக்கிறார். கூனி என்னும் மந்தரையை அறிமுகப்படுத்தும் இடத்தில், இளமையில் இராமன் தன் விளையாட்டு வில்லால் மண்ணுருண்டை எய்ததை அவள் நெஞ்சில் வைத்திருந்தாள் என்கிறார். ஆழ்வார் பாசுரத்திலும் இச்செய்தி உண்டு. எய்த பிள்ளைக்கு அது விளையாட்டு. சுற்றி நின்றவர் சிரித்திருக்கலாம். வளைந்த முதுகில் பட்டவளுக்கு அது விளையாட்டன்று. ஒரு மண்ணுருண்டை பதினான்கு ஆண்டுக் காடாக வளர்ந்தது. இளமையால் பிறந்த நகை எள்ளலின் எல்லைக்குள் கால் வைத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய சான்று இல்லை.

எதிர்த்திசையிலும் அம்பு பாய்வதுண்டு. பிள்ளையின் மழலையைப் பெரியவர்கள் எள்ளலாக்கிவிடுகிறார்கள். ‘நேற்று’ என்பதையும் ‘நாளை’ என்பதையும் மாற்றிச் சொல்லும் பிள்ளை, ‘நேத்திக்குத் தாத்தா வருவாரு’ என்கிறது. வீட்டார் சிரிப்பது இயல்பு. அச்சிரிப்பில் பிள்ளையும் கலந்துகொள்கிறது. ஆனால் விருந்தினர் முன்னிலையில், ‘அதை இன்னொரு முறை சொல்லு’ என்று நிறுத்தி வைத்து, சொன்னவுடன் எல்லாரும் கைதட்டிச் சிரிக்கும்போது, அதன் முகம் சிறுத்துப்போவதைக் காணலாம். அப்பிள்ளை பிழையைத் திருத்திக்கொள்ளும். கூடவே பேச்சையும் குறைத்துக்கொள்ளும். முதல் சிரிப்புக்கும் இரண்டாம் சிரிப்புக்கும் உள்ள இடைவெளியே இளமைக்கும் எள்ளலுக்கும் உள்ள இடைவெளி. கண்டார் சிரிப்பர் என்ற மிரட்டலை யசோதை வெந்நீர்க் குடத்தோடு நிறுத்திக்கொண்டாள் என்பதையும் இங்கே நினைத்தல் நலம்.

சிறுகதையில் பிள்ளைகள்

இருபதாம் நூற்றாண்டில் இப்பொருளைத் திறம்பட ஏந்தியது சிறுகதை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், வீடு திரும்பும் தந்தையிடம் என்ன கொண்டுவந்தாய் என்று மகள் கேட்கிறாள். தன்னைத்தான் கொண்டுவந்ததாக அவர் விடையளிக்கிறார். தினந்தோறும் தன்னையேதான் கொண்டுவருகிறார், பொரிகடலையாவது கொண்டுவரக்கூடாதா என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். படிப்போர் சிரித்துவிட்டு, உடனே அந்தச் சட்டைப்பையை நினைத்துக்கொள்வர். உடன் வந்திருந்த கடவுள் அவளுக்கு வெறும் தாத்தா. ஏழை வீட்டு நகை பசியை மறைக்கும் திரை அன்று. பசியோடு ஒரே பாயில் படுத்துறங்குவது.

இடைசெவல் என்ற ஒரே சிற்றூரில் பிறந்த இருவர் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றனர். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவே வண்டி. ஏறி நின்று ஆடுவதற்கு ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வருகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அக்கதவு கழற்றிச் செல்லப்படுகிறது. அரசுக்கு அது ஒரு மரப்பலகை. பிள்ளைகளுக்கு இழந்த உறவு. கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், உன்னிடம் இது உண்டா, அது உண்டா எனப் பிள்ளைகள் நடத்தும் போட்டி சிரிப்பூட்டித் தொடங்குகிறது. சீமான் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதைச் சொல்லிப் பெருமைப்படும் சிறுவனுக்கு, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று ஏழைச் சிறுமி விடையிறுக்கிறாள். அவள் சுட்டுவது தாய் அன்பு காட்டி உடுத்த வைத்த ஓர் அநாதைச் சிறுவனை. போட்டியில் வெல்லச் சொன்ன சொல் அது. ஆனால் அவள் சொன்னது முழு உண்மை.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ இவ்வுரையின் நடுவே நிற்கத் தக்க கதை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகங்களும் நாட்குறிப்பும் கொடுத்து மகிழும் ஒருவர், சாரங்கன் என்னும் அமைதியான சிறுவனை அறியாமலே விட்டுவிடுகிறார். ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் அச்சிறுவன், ஒரு நாட்குறிப்பைத் தானே எடுத்து நீட்டி, தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு கேட்கிறான். பிள்ளைகளின் ஆரவாரத்திலும் சிரிப்பிலும் தொடங்கிய கதை அவ்விடத்தில் ஊசியாகிவிடுகிறது. குறும்பு செய்து சிரிக்கவைக்கும் பிள்ளை எவர் கண்ணிலும் படும். சிரிக்கவைக்கத் தெரியாத பிள்ளையைத் தேடிக் காணவேண்டும். இக்கதையின் பெயர் தாங்கிய தொகுப்புக்கு 1970ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசு வழங்கப்பெற்றது.

எவர்க்கு உரியது இவ்வின்பம்?

அறிவுடை நம்பியின் பாடல் பிள்ளைப்பேறு இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனே இல்லை என்று முடிகிறது. அக்காலத்து அரசன் வாக்கு அது. இன்று அதனை அவ்வாறே ஏற்று மேடையில் முழங்குவது, அவையில் அமர்ந்திருக்கும் எவரேனும் ஒருவர் நெஞ்சில் மண்ணுருண்டை எய்வதாகும். தமிழிலக்கியமே அவ்வாக்குக்கு மறுமொழியும் தந்திருக்கிறது. பெரியாழ்வார், மரபு கூறும்படி, துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண் மகவை வளர்த்தவர். அப்பெண் ஆண்டாளாகி, மணல்வீட்டைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சும் பாடலைப் பாடினாள். பிள்ளை விளையாட்டைப் பெண்குரலே பாடிய அரிய இடம் அது. குமரகுருபரர் பிள்ளை பெறாதவர். ‘அன்பளிப்பு’ கதையின் மாமா அப்பிள்ளைகளைப் பெற்றவர் அல்லர். அகநானூற்றில் சிறுவனை வாரியணைத்தவளும் பெற்றவள் அல்லள். பெற்றவளே அவளையும் தாய் என்றாள்.

ஆதலின் மழலை இன்பம் பெற்றவர்க்கு மட்டும் உரிய சொத்து அன்று. பிள்ளைக்குப் பொழுது கொடுத்தவர் எவர்க்கும் உரியது. பெற்றும் பொழுது கொடாதவர்க்கு அது கிட்டாது. மழலையின் ஆயுள் மிகக் குறுகியது. ‘தோறு’ என்று கேட்ட வாய் ஒரு நாள் ‘சோறு’ என்று தெளிவாகக் கேட்டுவிடும். கடைசியாக எந்த நாளில் ‘தோறு’ என்றது என்பதை எந்த வீட்டிலும் எவரும் குறித்துவைப்பதில்லை.

நிறைவாக

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா போன்றோர் பிள்ளைகளுக்காகப் பாடினர். அத்துறை வளர்ந்தது, வளரவும் வேண்டும். பிள்ளைகளைப் பற்றிப் பெரியோர்க்காகப் பாடும் துறையோ புதுக்கவிதையில் இன்னும் பெரிதும் தரிசாகவே கிடக்கிறது. வட்டத்தின் கவிஞர்கள் அதனை உழுதல் வேண்டும். உருவகங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. வீட்டுக்குள் நடப்பதை வினைச்சொற்களோடு எழுதினால் போதும்.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டமேனும் இதற்கென ஒதுக்கப்படுதல் நன்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கேட்ட மழலைச் சொற்களையும், தம் ஊர் முதிய பெண்டிர்க்கு நினைவிலுள்ள தாலாட்டுகளையும், ஊர்ப் பெயரும் பாடியவர் வயதும் குறித்து எழுதிக்கொணர்தல் வேண்டும். திருத்தம் எதுவும் செய்தல் ஆகாது. பிழையும் அப்படியே வேண்டும். எழுதுவதற்குமுன் பாட்டியின் இசைவைப் பெறுவது போலவே, பிள்ளையின் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். அது சேர்ந்து சிரித்தால் எழுதலாம். முகம் சிறுத்தால் ஏட்டை மூடிவிடலாம்.

தம் பாட்டை மழலைக்கு ஒப்பிட்டுக்கொள்ள ஔவையார் தயங்கவில்லை. தாளத்தில் அடங்காததையும் பொருள் முழுதும் விளங்காததையும் பொறுமையோடு பத்தாண்டுகள் கேட்ட அவை இது. அவ்வருள் மேன்மேலும் பெருகுக, வட்டம் வளர்க, இல்லந்தோறும் மழலை வாழ்க.